ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

வாஞ்சிநாதனுக்குச் சர்க்கரை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று இசக்கிசெல்வி வீட்டில் பாயசம் வைத்தாள். சேமியா, முந்திரி, திராட்சை எல்லாம் தாராளம். ஆட்டோவை நிறுத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அவள் கணவன் விக்கி, என்ன விசேஷம் என்று கேட்கவில்லை. இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, "இனிப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றான்.

"கூடட்டும்" என்றாள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் அவளைத் தெரிந்தவர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். அவளிடம் மருந்து வாங்கினால், எப்போது எப்படிச் சாப்பிடவேண்டும் என்று திருப்பிச் சொல்லிக் காட்டாமல் கவுண்டரைவிட்டு நகர முடியாது. வாஞ்சிநாதனின் பெயரை அவள் முன்னால் எடுக்கக் கூடாது.

அவளுடைய அப்பா முத்துராமலிங்கம் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மிளகு குடோனில் மூட்டை தூக்கியவர். மகள் மலையாளப் பள்ளியில் படித்தாள். வீட்டில் தமிழ், எழுது என்றால் கை மலையாளத்தைத்தான் எழுதும். டி.பார்ம் முடித்து, பார்மசிஸ்டுகளின் ரெஜிஸ்டரில் அவள் பெயர் ஏறிய நாளில் முத்துராமலிங்கம் குடோனில் இருந்த முப்பது பேருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த முப்பது பேருக்கும் அவள் 'மருந்துக்காரி'. அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

முதல் வேலை பஜார் ரோட்டில், வாஞ்சிநாதனின் மெடிக்கல் ஷாப்பில். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர். கொச்சிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது. அவரும் பார்மசிஸ்ட். சங்கத்தில் செயலாளர். வெள்ளைச் சட்டை, வெள்ளி ஃப்ரேம் கண்ணாடி, எதையும் தூக்கிப் போடாத சுபாவம். பழைய ரசீது, கிழிந்த கவர், யாரோ எழுதிய மன்னிப்புக் கடிதம் என்று எல்லாம் அவர் மேசை டிராயருக்குள் போகும்.

நான்கு வருடம் நன்றாகத்தான் போயிற்று. ஐந்தாம் வருடம் அவர் தோப்பும்படியில் இன்னொரு கடை திறந்தார். கடைக்கு ஒரு பார்மசிஸ்ட் இருந்தாக வேண்டும். இசக்கிசெல்வியின் சர்டிபிகேட்டை அங்கே சுவரில் மாட்டிவிட்டு, அவளை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. ஊரில் பலர் செய்வதுதான். "நான் நிக்காத கடையில என் பேரு நிக்கக் கூடாது சார்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "செரி, வேண்டாம்" என்றார். அவ்வளவு லேசாக அவர் எதையும் விடுகிறவர் இல்லை என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஹர்த்தால். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கிளினிக்குகளில் பூட்டு. மருந்துக்கடைக்கு மட்டும் விலக்கு. கடையில் அவள் தனியாக இருந்தாள். கொச்சங்காடி குடோனில் வற்றல் மிளகாய் மூட்டை பிரித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். மூச்சு விசில் அடித்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். அவனுக்கு ஆஸ்துமா உண்டு, இன்ஹேலர் தீர்ந்துபோய் ஒரு வாரம் ஆகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அலமாரியிலிருந்து இன்ஹேலரை எடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, இழுக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் பேசிக்கொண்டிருந்தான்.

அவளைப் பற்றிப் பார்மசி கவுன்சிலுக்குப் புகார் எழுதியவர் வாஞ்சிநாதன். மருத்துவர் எழுதித் தராத மருந்தை, தன் கடையில், தனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டாள் என்று எழுதினார். விசாரணையில் வந்து நின்று சாட்சியும் சொன்னார்: "எழுதினதைக் கொடுக்கிறது பார்மசிஸ்டோட வேலை. யோசிக்கிறது டாக்டரோட வேலை. இந்தக் குட்டிக்கு எல்லை தெரியலை."

கமிட்டி சட்டப் புத்தகத்தைத் திறந்தது. சீட்டு இருந்ததா? இல்லை. கொடுத்தாயா? கொடுத்தேன். அந்த மனிதன் பிழைத்தானா என்று புத்தகம் கேட்கவில்லை; அதனால் கமிட்டியும் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கு அவள் பெயர் ரெஜிஸ்டரிலிருந்து எடுக்கப்பட்டது.

அந்த ஒரு வருடம் வெலிங்டன் தீவில் ஒரு கேன்டீனில் சோறு பொட்டலம் கட்டினாள். அப்பாவின் சிநேகிதர்கள் மருந்துக்காரி என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள், மரியாதைக்காகத்தான். அதுதான் அவளைக் குத்தியது. அப்பா அந்த வருடமே இறந்துபோனார், மகள் பெயர் ரெஜிஸ்டரில் இல்லாத வருடம்.

பெயர் திரும்ப ஏறியபின் கொச்சங்காடியில் ஒரு கூட்டுறவு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. பதினோரு வருடமாக அங்கேதான். வீட்டிலிருந்து குறுக்கு வழி இருந்தும் தினமும் பஜார் ரோடு வழியாக, வாஞ்சிநாதனின் கடையைத் தாண்டித்தான் போவாள். கோபம் ஆறிவிடக் கூடாதே என்று. ஒரு வருடம் மழையில் அவர் கடைக்குள் தண்ணீர் ஏறியபோது குடையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்று, முழங்கால் தண்ணீரில் அவர் அட்டைப்பெட்டிகளைத் தூக்கி வைப்பதைப் பத்து நிமிடம் பார்த்தாள். கடைக்கு லேட்டாகப் போனாலும் அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தாள்.

இவ்வளவு காத்திருந்தவளுக்கு மாயம்மாள் வடிவில் நாள் வந்தது.

மாயம்மாள் ஐம்பத்திரண்டு வயது, சாத்தூர்ப் பக்கம். சுக்கு குடோனில் தரம் பிரிக்கிற வேலை. விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் கை மடங்காமல் போனதால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மெத்தோட்ரெக்ஸேட் எழுதினார்கள். மூட்டு வாதத்துக்கு அது வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடவேண்டிய மாத்திரை. தினமும் விழுங்கினால் விஷம். சீட்டில் டாக்டர் சரியாகவே எழுதியிருந்தார்: ஞாயிறு மட்டும். ஆஸ்பத்திரியில் மாத்திரை இருப்பு இல்லை. வாஞ்சிநாதன் கடையில் வாங்கினாள்.

மருந்துக்கடைகளில் கவரின்மேல் எண்ணால் எழுதுவது வழக்கம். 1-0-1 என்றால் காலையும் ராத்திரியும். 1-0-0 என்றால் காலையில் மட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும். ஆனால் இந்தக் கணக்கில் நாளுக்கு இடம் உண்டு. வாரத்துக்கு இடம் இல்லை. வாஞ்சிநாதன் கை பழக்கத்தில் 1-0-0 என்று எழுதி, அதன் கீழே மலையாளத்தில் 'ஞாயிறு' என்று சின்னதாகக் கிறுக்கினார். மாயம்மாளுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. தினமும் காலையில் ஒன்று சாப்பிட்டாள்.

ஆறாம் நாள் வாயெல்லாம் புண். தண்ணீர் விழுங்க முடியவில்லை. அதே கடைக்குப் போய் வாயைத் திறந்து காட்டினாள். வாஞ்சிநாதன் வாய்ப்புண்ணுக்கு ஒரு ஜெல்லும் பி-காம்ப்ளெக்ஸும் கொடுத்து அனுப்பினார். பத்தாம் நாள் குடோனில் மயங்கி விழுந்தாள். பதினாறு நாள் ஆஸ்பத்திரி. முடி கொத்துக் கொத்தாக வந்தது. பிழைத்ததே பெரிது என்றார்கள். அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கவரோடு சேர்த்துக் கவுன்சிலுக்கு எழுதிவிட்டார்.

இந்த முறை கமிட்டி வேறு. தலைவி அனந்தலக்ஷ்மி, பார்மசி கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். புத்தகத்தில் இருக்கிறதா இல்லையா என்பதோடு அவர் நிறுத்துகிற ஆள் இல்லை. இதே படிப்பும் இதே அனுபவமும் உள்ள, கவனமான ஒரு பார்மசிஸ்ட், இதே ஊரில், இதே நிலைமையில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்? அதைச் சொல்ல மட்டாஞ்சேரியிலிருந்தே ஒருவர் வேண்டும் என்றார். இரண்டு பேர் சங்கச் செயலாளருக்கு எதிராக வாய் திறக்க மாட்டோம் என்று ஒதுங்கினார்கள். மூன்றாவது கடிதம் இசக்கிசெல்விக்கு வந்தது.

பழைய வழக்கை மறைக்காமல் அவள் பதில் எழுதினாள்: இவரால் எனக்கு ஒரு வருடம் போயிருக்கிறது, எனக்கு இவரைப் பிடிக்காது, அவர் ஆட்சேபித்தால் நான் வரவில்லை. வாஞ்சிநாதன் ஆட்சேபிக்கவில்லை. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் புரிந்தது. காலை பதினொரு மணிக்கு அவரே அவள் கடை வாசலில் வந்து நின்றார். இளைத்திருந்தார்.

"இசக்கி, சௌக்கியமா இருக்கியா? ஒரு சாயா குடிக்கலாமா?"

"கடையில நான் ஒருத்திதான் சார். நிக்காத கடையில பேரை மாட்டுற பழக்கம் எனக்கு இல்லைலா. இங்கனயே சொல்லுங்க."

அவர் அதை விழுங்கிக்கொண்டார். "நான் கள்ளம் சொல்லச் சொல்லலை, கேட்டயா? உள்ளதைச் சொன்னாப் போரும். இந்த ஊர்ல எல்லாரும் கவர்ல 1-0-0ன்னுதான் எழுதறா. கவனமான பார்மசிஸ்ட் என்ன செய்வான்னு கேக்கறா. எல்லாரும் இதைத்தான் செய்வான்னு சொல்லு. அது நெஜமாக்கும்."

"சொல்லாட்டி?"

அவர் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பழைய பழுப்புக் கவர். அதே மாத்திரையின் பெயர். 1-0-0. எழுத்து இசக்கிசெல்வியுடையது.

அவளுக்கு நினைவு வந்தது. அவர் கடையில் சேர்ந்த இரண்டாம் வருடம், வெலிங்டன் தீவில் குடியிருந்த ஒருவருக்கு அவள் எழுதிய கவர். மறுநாள் காலையில் தலை வாரும்போது சட்டென்று உறைத்து, பாதிப் பின்னலோடு போட் ஜெட்டிக்கு ஓடி, அக்கரை போய், வீட்டைத் தேடிப் பிடித்தாள். அந்த ஆள் முதல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பல்லுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கவரைப் பிடுங்கி, வேறு கவரில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பழையதைக் கொண்டுவந்து முதலாளியிடம் நடந்ததை ஒப்புக்கொண்டாள். டிராயருக்குள் போனது அதுதான்.

"பத்திரமா வச்சிருக்கீங்களே சார்! என் கல்யாணப் பத்திரிகையைக்கூட யாரும் இம்புட்டு நாள் வச்சிருக்க மாட்டாங்க."

"உனக்குப் பேடி வேண்டாம், பயப்படாதே. நீ என்னை ரட்சிச்சா இது டிராயர்லயே கிடக்கும். இல்லாட்டா நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம். பாத்துக்கோ." குரலைத் தணித்தார். "எனக்கு அறுபத்து மூணு வயசாச்சு. ரெஜிஸ்டர்லேர்ந்து பேர் போச்சுன்னா கடையில யாரும் மதிக்க மாட்டா."

"தெரியும் சார்" என்றாள். "எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்."

விக்கியிடம் அன்று சொன்னபோது அவன் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தான். "அப்ப விடு. உடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துரு."

"விடவா? அந்தக் கவரை நானே கொண்டுபோய் வைக்கப் போறேன்."

"உனக்கென்ன பிராந்தாடி? அந்தாளைத் தள்ளிவிட நீயும் கிணத்துல சாடணுமா?"

"சாடித்தான் பிடிக்கணும்னா சாடுவேன்."

"இந்த வேலையும் போச்சுன்னா?"

"பொட்டலம் கட்டத் தெரியும்."

விக்கி சோற்றைப் பிசைந்தபடி, "எத்தனை மணிக்குக் கொண்டுவிடணும்?" என்றான்.

விசாரணை வருவதற்குள் அவள் இன்னொரு வேலை செய்தாள். மதிய இடைவேளைகளில் மட்டாஞ்சேரியில் ஆறு மருந்துக்கடைகளுக்குப் போய், மாத்திரையின் பெயரையும் 'ஞாயிறு மட்டும்' என்பதையும் ஒரு தாளில் எழுதிக் காட்டி, "இதைக் கவர்ல எப்படிப் போடுவீங்க சேட்டா?" என்று கேட்டாள். ஐந்து கடையில் கை தானாக 1-0-0 போட்டது. எழுதியபின்தான் இரண்டு பேர் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். ஆறாவது கடைக்காரர் எண்ணே போடவில்லை. கவரில் ஒரு சின்னத் தேவாலயக் கூரையும் அதன்மேல் சிலுவையும் வரைந்தார். "படிக்காதவங்களுக்கு இதுதான். வெள்ளிக்கிழமைன்னா பள்ளிவாசல் வரைவேன்" என்றார். வரைந்த கையைப் பார்த்தபோது அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. வாஞ்சிநாதன் சொன்னது உண்மைதான். ஊரே அப்படித்தான் எழுதுகிறது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பொய் சொல்லி அவரை வீழ்த்தினால் அவர் தப்பித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அவரை அசையவிடாமல் பிடிக்க உண்மை ஒன்றுதான் உதவும்.

விசாரணை எர்ணாகுளத்தில் நடந்தது. மலையாளத்தில் தொடங்கி, சூடு ஏறியதும் தமிழுக்கு மாறிவிட்டது. அனந்தலக்ஷ்மிக்கும் வீட்டு மொழி அதுதான். மற்ற இரண்டு உறுப்பினர்களுக்கும் புரியும்.

வாஞ்சிநாதன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இசக்கிசெல்வி எழுந்ததும் முதலில் அவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"சார், அந்தக் கவரை எடுங்க. படம் வேண்டாம், அசல் கொண்டுவந்திருப்பீங்கள்லா?"

அவர் கை பையிலேயே நின்றது.

"எந்தக் கவர்?" என்றார் அனந்தலக்ஷ்மி.

"என் கையெழுத்து மேடம். இதே மாத்திரை, இதே 1-0-0. பதினஞ்சு வருசத்துக்கு முன்னால நான் எழுதினது. தப்புதான். மறுநாள் காலையில போட் ஏறிப் போய் வாங்கிட்டு வந்தேன், அவுக சாப்பிடுறதுக்கு முன்னால. இதை முதல்ல எழுதிக்குங்க. எனக்கு என்ன உண்டோ அதைக் குடுங்க."

வாஞ்சிநாதன் கவரை மேசைமேல் வைத்தார். இனி அதனால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிறகு ஆறு கடைகளின் தாள்களையும் பரப்பினாள். "1-0-0 எழுதினதுக்காக இவரைத் தூக்கினா, மட்டாஞ்சேரியில அஞ்சு பேரைத் தூக்கணும், என்னையும் சேத்தா ஆறு. அது எல்லாரோட கைத்தப்பு. மாத்தணும், ஆனா அதுக்காக இவரு ஒருத்தரைப் பிடிக்கிறது நியாயம் இல்லை."

வாஞ்சிநாதனின் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவர் நன்றி சொல்லப்போகிறவர்போல் முன்னால் சாய்ந்தார். அந்த ஒரு கணத்தை இசக்கிசெல்வி அவசரப்படாமல் ருசித்தாள்.

"ஆனா ஆறாம் நாள் அந்தம்மா வாய்ப்புண்ணோட இவர் முன்னால வந்து நின்னாங்க. மாத்திரையை வித்தவர் இவரு. அந்த மாத்திரை கூடிப்போச்சுன்னா முதல்ல வாயிலதான் புண்ணு வரும்னு டி.பார்ம் முதல் வருசப் பையனுக்குத் தெரியும். கவனமான பார்மசிஸ்ட் ஒரே ஒரு கேள்வி கேப்பாரு: அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுறீங்க? அரை நிமிசம் ஆகும். அதைக் கேட்டிருந்தா அன்னைக்கே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். இந்த ஊர்ல யாரும், அந்த அஞ்சு பேரும்கூட, கேக்காம விட்டிருக்க மாட்டாங்க."

"கேக்கறதும் யோசிக்கறதும் டாக்டரோட வேலை" என்றார் வாஞ்சிநாதன் சட்டென்று. "நமக்கு எல்லை உண்டு. எழுதினதைக் கொடுக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப அந்த ஜெல்லும் பி-காம்ப்ளெக்ஸும் எந்த டாக்டர் எழுதினது சார்?"

வாஞ்சிநாதன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அது... சாதாரண சாமான். சீட்டு வேண்டாம். சந்தர்ப்பம் பாத்துக் கொடுத்ததாக்கும்."

"சந்தர்ப்பம் பாத்து. அப்ப நம்ம யோசிக்கலாம், இல்லையா? ஹர்த்தால் அன்னைக்கு நான் யோசிச்சது தப்பா, சரியா? நீங்களே சொல்லுங்க."

மேசைமேல் கிடந்த கவரைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "அன்னிக்கு... செரியாத்தான் இருந்தது."

"மேடம், இதை எழுதிக்குங்க."

அனந்தலக்ஷ்மி பேனாவை எடுக்கவில்லை. "அந்தக் கேஸ் முடிஞ்சாச்சும்மா. இன்னிக்கு அது விசாரணையில இல்லை. என்னால எழுத முடியாது."

பன்னிரண்டு வருடம் கேட்கக் காத்திருந்த சொல் அந்த அறையில் சொல்லப்பட்டு, எந்தத் தாளிலும் ஏறாமல் போயிற்று. இசக்கிசெல்வி உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. வாஞ்சிநாதனின் பெயர் இரண்டு வருடத்துக்கு ரெஜிஸ்டரிலிருந்து நீக்கம். கடையில் நிற்கலாம், மருந்தைத் தொடக் கூடாது. கவரில் நாளின் பெயரை நோயாளிக்குத் தெரிந்த விதத்தில் குறிக்கவேண்டும், வாய்விட்டுத் திருப்பிச் சொல்லவைக்கவேண்டும் என்று எல்லாக் கடைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை. கடைசிப் பத்தியில் இசக்கிசெல்விக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, பழைய கவருக்காக. அவள் கோப்பில் இரண்டாவது கறை.

அன்று சாயங்காலம் பஜார் ரோடு வழியாகப் போனாள். வாஞ்சிநாதன் கவுண்டருக்கு வெளியே, வாடிக்கையாளர் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவர் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். வாஞ்சிநாதன் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நின்றாள். அவர் மறுபடி திரும்பும்வரை நின்று பார்த்தாள். அவர் கண் கீழே போனபின்தான் நகர்ந்தாள்.

மாயம்மாளின் வீடு சந்துக்குள் இருந்தது. தலையில் துண்டு கட்டி, பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். இசக்கிசெல்வி யார் என்று சொல்லி, உத்தரவைப் படித்து அர்த்தம் சொன்னாள். மாயம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள்.

"ரெண்டு வருசந்தானா தாயி?"

"ரெண்டு வருசந்தான்மா."

"எனக்கு முடி முளைக்கவே ஒரு வருசம் ஆகும்கிறாங்க. கை இன்னும் மடங்க மாட்டேங்குது. அந்தாளு அதுக்கப்புறம் திரும்ப வந்து ஜம்முன்னு நிப்பானா?"

"நிப்பாரு."

"அது காணாதே!"

"காணாதும்மா" என்றாள் இசக்கிசெல்வி. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் காணலை."

மாயம்மாள் கிண்ணத்தை எடுத்து மிச்சக் கஞ்சியைக் குடித்தாள்.